டெடி ஷெரிங்கம்: ஆடுகளத்தில் 24 ஆண்டுகள், பயிற்சியாளராக ஏன் நிலைக்கவில்லை?

நடுக்கோடு எழுதியது:

இங்கிலாந்தின் முன்னாள் முன்கள வீரர் டெடி ஷெரிங்கத்தைப் பற்றி மட்டும் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். பதினேழு வயதில், 1984இல், மில்வால் அணிக்காக முதல் ஆட்டம் ஆடிய அவர், நாற்பத்திரண்டு வயதில், 2008இல், கால்செஸ்டர் அணியின் சட்டையைக் கழற்றி வைத்தார். இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்துக்காக 51 ஆட்டங்களில் 11 கோல்களும், பிரீமியர் லீகில் 146 கோல்களும் அடித்தார். 1999 மே மாதத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக, நான்கு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு இறுதி ஆட்டங்களிலும் மாற்று வீரராக இறங்கி, இரண்டிலும் கோல் அடித்தார். எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ராய் கீன் காயமுற்று வெளியேறியபோது ஒன்பதாம் நிமிடத்தில் உள்ளே வந்து, இரண்டு நிமிடங்களுக்குள் நியூகாசிலின் வலையை அசைத்தார். பார்சிலோனாவில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டமோ இந்தத் தளத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

என் கேள்வி அதற்குப் பிந்தைய பகுதியைப் பற்றியது. ஷெரிங்கம் வேகமானவர் அல்லர். இளமையிலும் அவருக்கு வேகம் இருந்ததில்லை. ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கும் திறனால்தான் அவர் அவ்வளவு நெடுங்காலம் தாக்குப்பிடித்தார் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அப்படியானால், கால்களை நம்பாமல் அறிவை நம்பி ஆடிய ஒருவர், கால்கள் ஓய்ந்த பிறகு அந்த அறிவைக் கொண்டே நல்ல பயிற்சியாளராக வந்திருக்க வேண்டும். ஆனால் 2015 மே மாதம் ஸ்டீவனேஜ் அணியின் மேலாளரானவர் 2016 பிப்ரவரி முதல் நாளன்று நீக்கப்பட்டார். 2017 ஜூலையில், இந்தியன் சூப்பர் லீகில் ஆடிய கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு வந்தவர் 2018 ஜனவரியிலேயே விடைபெற்றார். இரண்டு இடங்களிலும் ஒரு முழுப் பருவம்கூட அவருக்குக் கிட்டவில்லை.

பெரிய வீரர்கள் பெரிய பயிற்சியாளர்கள் ஆவதில்லை என்ற பொதுப் பேச்சை எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது எல்லோருக்கும் பொருந்துவதால் எவரையும் விளக்குவதில்லை. இந்த ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதே எனக்குத் தெரிய வேண்டும்.

—

பழைய லண்டன்வாசி எழுதியது:

நான் தொண்ணூறுகளில் சில ஆண்டுகள் லண்டனில் வேலை பார்த்தவன். டாட்டன்ஹாமின் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் அவர் ஆடியதைப் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். எனவே ஒரு திருத்தத்துடன் தொடங்குகிறேன். அவர் பிறக்கும்போதே அறிவாளியாகக் களத்தில் இறங்கியவர் அல்லர். மில்வால் அவரை இளம் வயதில் ஆல்டர்ஷாட்டுக்கும், பிறகு சுவீடனின் யூர்கோர்டன் அணிக்கும் இரவலாக அனுப்பியது. உள்ளூரில் இடம் கிடைக்காத இளைஞர்களைத்தான் அப்படி அனுப்புவார்கள். திரும்பி வந்தவர், டோனி காஸ்கரினோவுடன் இணைந்து 1988இல் மில்வாலை அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக முதல் பிரிவுக்கு உயர்த்தினார். 1990-91 பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் 33 கோல்கள் அடித்தார். மில்வாலை விட்டு நீங்கும்போது அவருடைய மொத்தக் கணக்கு 111 கோல்கள். அக்கழகத்தின் சாதனையாக அது ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நிலைத்தது.

அதன்பின் 20 லட்சம் பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை வாங்கியது. பிரையன் கிளஃப் அங்கே மேலாளர். 1992 ஆகஸ்டு 16ஆம் நாள் லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான், பிரீமியர் லீகில் தொலைக்காட்சி நேரலையில் மக்கள் பார்த்த முதல் கோல். அடுத்த சில நாட்களிலேயே கிளஃப் அவரை டாட்டன்ஹாமுக்கு விற்றுவிட்டார். அந்தப் பருவத்தின் முடிவில் ஷெரிங்கம் 22 கோல்களுடன் லீகின் முதல் கோல் வேட்டையாளரானார். ஃபாரஸ்ட் பட்டியலின் அடியில் நின்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஒரு பெரிய மேலாளரே அவருடைய மதிப்பைத் தவறாகக் கணித்தார் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஷெரிங்கத்தை அளப்பது எப்போதுமே கடினமாக இருந்திருக்கிறது.

அவருடைய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்காது. கேமரா பந்தைத் தொடரும். அவர் பந்து இல்லாத இடத்தில்தான் வேலை செய்துகொண்டிருப்பார். தடுப்பாட்டக்காரர்களுக்கும் நடுக்களத்துக்கும் இடையே, யாருடைய பொறுப்பிலும் சேராத ஒரு பத்து கெஜ நிலம் எப்போதும் இருக்கும். அவர் அங்கே நடந்து போவார். ஓடமாட்டார், நடந்துதான் போவார். தடுப்பாட்டக்காரர் அவரைப் பின்தொடர்ந்து வந்தால் முதுகுக்குப் பின்னால் வெளி திறக்கும். வராமல் நின்றால் ஷெரிங்கம் பந்தை வாங்கித் திரும்பிவிடுவார். 1994இல் யூர்கன் கிளின்ஸ்மான் டாட்டன்ஹாமுக்கு வந்தபோது அந்த வெளியில் ஓடுவதற்குச் சரியான ஆள் கிடைத்தார். அந்த ஒரு பருவத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சற்றுச் சார்பு உண்டு. அதை முன்னரே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

—

கிழக்கு மாடம் எழுதியது:

நான் அவரை வீரராகப் பார்த்ததில்லை, பயிற்சியாளராகப் பார்த்திருக்கிறேன். 2017 டிசம்பர் 7ஆம் நாள், சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணியும் ஏ.டி.கே. அணியும் மோதிய ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் கோலே இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் ஐந்து கோல்கள். ஜெஜெ முதலில் அடித்தார். கொல்கத்தா சமன் செய்தது. கால்டெரான் மீண்டும் முன்னிலை பெற்றுத் தந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் என்ஜாஸி குக்கி மறுபடியும் சமன் செய்தார். அதற்கும் பிறகு ஜெஜெ இன்னொன்று அடித்து 3-2 என்று முடித்துவைத்தார். எங்கள் பக்கம் அப்போது எழுந்த இரைச்சலை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆனால் இங்கே சொல்ல வருவது வேறு. அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் இங்கிலாந்துக்காரர்களே பயிற்சியாளர்கள். எங்கள் அணிக்கு ஜான் கிரெகரி. வீரர் என்ற அளவில் கிரெகரியை ஷெரிங்கத்தோடு ஒப்பிடவே முடியாது; இங்கிலாந்துக்காக ஆறே ஆட்டங்கள் ஆடியவர். ஆனால் பயிற்சியாளர் என்ற அளவில் எண்பதுகளின் இறுதியிலிருந்தே அந்தத் தொழிலில் இருந்தவர்: போர்ட்ஸ்மத், வைகம்ப், 2000ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை கொண்டுபோன ஆஸ்டன் வில்லா, டார்பி, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், பிறகு இஸ்ரேல், கசகஸ்தான். சென்னைக்கு வரும்போது அவருக்கு வயது 63. மொழி தெரியாத ஊரில், தான் தேர்ந்தெடுக்காத வீரர்களை வைத்துக்கொண்டு, பயணக் களைப்போடு எப்படி ஒரு பருவத்தை ஓட்டுவது என்பது அவருக்குப் பழக்கமான வேலை. அந்தப் பருவத்தின் முடிவில், 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று அவர் கோப்பையைத் தூக்கினார். ஷெரிங்கம் பத்து ஆட்டங்களில் மூன்று வெற்றிகளோடு ஜனவரியிலேயே போய்விட்டார்.

ஆகவே நடுக்கோடு அவர்களின் கேள்விக்கு என் பதில் மிகவும் எளியது. ஒருவர் தொழில் பழகியவர், மற்றவர் பழகாதவர். ஷெரிங்கம் 2008இல் ஓய்வு பெற்றார். 2014இல்தான் வெஸ்ட் ஹாமில் தாக்குதல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். நடுவே ஆறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவருடைய பெயர் கால்பந்துச் செய்திகளைவிடப் போக்கர் சீட்டாட்டப் போட்டிச் செய்திகளில்தான் அதிகம் அடிபட்டது. பட்டறைக்குள் நுழையாமல் தச்சனாக முடியாது.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஸ்டீவனேஜ் விவரத்தையும் முழுமையாகப் பதிவு செய்துவிடுவோம். 33 ஆட்டங்கள், 7 வெற்றிகள். அது அப்போது இங்கிலாந்தின் நான்காம் பிரிவான லீக் டூவில் ஆடிய சிறிய கழகம். ஆனால் அவர் பொறுப்பேற்றபோது வீழ்ந்து கிடந்த கழகம் அன்று. அதற்கு முந்தைய 2014-15 பருவத்தில் கிரகாம் வெஸ்ட்லி அதை உயர்வுக்கான பிளே-ஆஃப் சுற்று வரை கொண்டுபோயிருந்தார். ஷெரிங்கத்துக்குப் பிறகு வந்த டேரன் சார்ல், பெரிய பெயர் எதுவும் இல்லாதவர், அணி லீக்கிலிருந்தே வெளியேறிவிடாமல் காப்பாற்றினார். முன்னால் இருந்தவரும் பின்னால் வந்தவரும் அதே வசதிகளுக்குள் வேலை செய்தார்கள் என்பதால், வசதிக்குறைவு என்ற காரணம் இங்கே அதிகம் உதவாது.

அதே சமயம், 33 ஆட்டங்களையும் 10 ஆட்டங்களையும் வைத்து ஒரு மனிதரின் திறமையைத் தீர்மானிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆறு ஆண்டு இடைவெளி என்ற காரணத்தையும் அப்படியே ஏற்க முடியவில்லை. கெவின் கீகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் இங்கிலாந்து முன்கள வீரர். 1984இல் ஓய்வு பெற்று ஸ்பெயினுக்குப் போய்க் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, எந்தப் பயிற்சி அனுபவமும் இல்லாமல், 1992 பிப்ரவரியில் நியூகாசிலின் மேலாளரானார். மூன்றாம் அடுக்குக்கு விழவிருந்த கழகத்தைக் காப்பாற்றி, 1993இல் பிரீமியர் லீகுக்கு உயர்த்தி, 1996இல் இரண்டாம் இடம் வரை கொண்டுவந்தார். பட்டறையே பார்க்காத தச்சர் அங்கே தேரையே செய்துவிட்டாரே, கிழக்கு மாடம் ஐயா?

—

கிழக்கு மாடம் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், கீகன் என் வாதத்தில் ஓட்டை போடுகிறார். ஆனால் கழக உரிமையாளர் சர் ஜான் ஹாலின் பணம் அவருக்குப் பின்னால் இருந்தது என்பதையும், அவர் அந்த ஊரில் ஆடிப் புகழ்பெற்றவர் என்பதையும் மறக்கக் கூடாது. நியூகாசில் மக்கள் அவரைக் கடவுளாகப் பார்த்தார்கள். ஸ்டீவனேஜிலோ கொல்கத்தாவிலோ ஷெரிங்கம் அப்படி யாருக்கும் சொந்தக்காரர் அல்லர். ஊர்ப் பாசம் மட்டும் போதாது என்பதற்கு அதே நியூகாசிலில் 2009இல் ஆலன் ஷியரர் சான்று. எட்டு ஆட்டங்கள், ஒரே வெற்றி, கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

—

மூலைக்கொடி எழுதியது:

இதுவரை எழுதிய நால்வரும் ஷெரிங்கத்தின் ஆண்டுகளை எண்ணிவிட்டீர்கள். அவருடைய அறிவு எத்தகைய அறிவு என்பதை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் விடை இருக்கும் இடமாகத் தோன்றுகிறது.

1996 ஜூன் 18, வெம்பிளி, யூரோ கோப்பை, இங்கிலாந்து - நெதர்லாந்து. இங்கிலாந்து 4-1 என்று வென்ற அந்த ஆட்டத்தின் மூன்றாவது கோலை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இடப்பக்கமாகப் புகுந்து வரும் கேஸ்காய்ன் பந்தை ஷெரிங்கத்திடம் தருகிறார். ஷெரிங்கத்தின் எதிரே கோல் திறந்திருக்கிறது. உடல் முழுவதும் உதைக்கப் போவதாகவே சொல்கிறது. டச்சுத் தடுப்பாட்டக்காரரும் அதை நம்பித் தடுக்கப் பாய்கிறார். ஆனால் கால் கடைசி நொடியில் பாதத்தைத் திறந்து, பந்தை வலப்பக்கம் ஒரு பூவை நகர்த்துவதுபோல நகர்த்திவிடுகிறது. ஷியரர் அங்கே நிற்கிறார். பந்து வலைக்குள் போகிறது. ஷெரிங்கம் அந்த ஆட்டத்தில் தானும் இரண்டு கோல்கள் அடித்தார். ஆனால் அவர் யார் என்பதைக் காட்டுவது அவர் அடிக்காத இந்தக் கோல்தான்.

இப்போது அந்த அசைவை ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள் பார்க்கலாம். ‘தடுப்பாட்டக்காரர் எடையை இடக்காலுக்கு மாற்றும்போது நீ பாதத்தைத் திற’ என்று சொல்லலாம். ஆனால் அவர் அப்படி எண்ணிச் செய்யவில்லை. பல்லாயிரம் மணி நேரம் களத்தில் நின்றதால் அவருடைய உடலுக்கு அது தெரிந்திருந்தது. தாளம் பிசகாமல் பாடுகிற எல்லோராலும் தாளம் சொல்லிக் கொடுக்க முடிவதில்லை. தாளம் தவறிப் பிறகு திருத்திக்கொண்டவரே பெரும்பாலும் நல்ல ஆசிரியராக இருக்கிறார். ஷெரிங்கத்தின் அறிவு சொல்லுக்கு முந்தியது என்பது என் கருத்து. பயிற்சியாளரின் தொழிலோ முழுக்க முழுக்கச் சொல்லால் ஆனது.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. மான்செஸ்டர் யுனைடெட்டில் அவரும் ஆண்டி கோலும் (தமிழில் எழுதினால் அவர் பெயரே கோலாகிவிடுகிறது) பல ஆண்டுகள் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. 1995இல் உருகுவேவுக்கு எதிராகத் தன் முதல் சர்வதேச ஆட்டத்துக்கு மாற்று வீரராக இறங்கியபோது, வெளியேறிய ஷெரிங்கம் தன்னைப் பொருட்படுத்தாமல் கடந்துபோனதாக ஆண்டி கோல் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். ஆயினும் அந்த இருவரும் ஒரே முன்களத்தில் ஆடினார்கள், மூன்று கோப்பைகளை வென்ற அணியில் இருந்தார்கள். அதாவது, ஒரு சொல்கூடப் பேசாமலே ஆடுகளத்தில் ஷெரிங்கத்தால் ஒத்துழைக்க முடிந்தது. பயிற்சி மைதானத்தில் அந்த வசதி கிடையாது.

—

பழைய லண்டன்வாசி எழுதியது:

அம்மா, வெம்பிளி கோலைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அன்று நான் லண்டனில் ஒரு சிறிய அறையில் ஒன்பது பேரோடு அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவன். ஆனால் ஆண்டி கோல் விவகாரத்தை நீங்கள் பயன்படுத்திய விதம் எனக்கு உடன்பாடில்லை. அது ஒருவர் தரப்பில் சொல்லப்பட்ட மனக்குறை. இரண்டு மனிதர்களுக்கு இடையே இருந்த கசப்பு. அதை வைத்து ஒருவருக்குப் பேசத் தெரியாது என்ற முடிவுக்கு வருவது நியாயமாகாது. 37 வயதில் போர்ட்ஸ்மத்திலும், 38 வயதில் வெஸ்ட் ஹாமிலும், தன் வயதில் பாதியே ஆன பையன்களோடு ஒரே உடைமாற்று அறையில் இருந்தவர் அவர். 2004-05இல் வெஸ்ட் ஹாமுக்காக 20 லீக் கோல்கள் அடித்து அந்த அணியைப் பிரீமியர் லீகுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். 2006 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலுக்கு எதிரான பெனால்டி முடிவில் வெஸ்ட் ஹாம் தரப்பில் கோல் அடித்தவர் அந்த நாற்பது வயதுக்காரர் ஒருவரே. இளையவர்கள் மூவரும் தவறவிட்டார்கள்.

அவர் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர் என்றால் 2014-15 வெஸ்ட் ஹாமை எப்படி விளக்குவீர்கள்? மேலாளர் சாம் அல்லார்டைஸ் அணியின் ஆட்டம் பார்க்கச் சகிக்காது என்று ரசிகர்கள் முணுமுணுத்த காலத்தில்தான் ஷெரிங்கம் தாக்குதல் பயிற்சியாளராக வந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட் ஹாம் பட்டியலில் நான்காம் இடத்தில் நின்றது. புதிதாக வந்த டியாஃப்ரா சாக்கோ அடுத்தடுத்துக் கோல் அடித்துக்கொண்டிருந்தார். பின்பாதியில் சரிந்து 12ஆம் இடத்தில் முடித்தார்கள் என்பது உண்மைதான். முழுப் பெருமையும் ஷெரிங்கத்துக்கே என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கைந்து முன்கள வீரர்களைக் கையில் கொடுத்தால் அவரால் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுக்க முடிந்திருக்கிறது.

—

மூலைக்கொடி எழுதியது:

அது என் வாதத்துக்கு எதிரானது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கோ அது பாதி ஆதரவாகவே தெரிகிறது. வெஸ்ட் ஹாமில் அவருடைய மாணவர்கள் பிரீமியர் லீகின் தொழில்முறை முன்கள வீரர்கள். அவர்களிடம் ‘அங்கே நில்’ என்று காட்டினாலே போதும். மீதியை அவர்களின் உடல் புரிந்துகொள்ளும். ஸ்டீவனேஜின் இருபது வயது நடுக்கள வீரருக்கோ, மொழியும் பழக்கமும் வேறான கொல்கத்தா அணியின் இளைஞருக்கோ, காட்டுவது போதாது. ஏன் அங்கே நிற்க வேண்டும், நின்றால் பின்னால் யார் மூட வேண்டும், பந்து பறிபோனால் எத்தனை கெஜம் இறங்க வேண்டும் என்று சங்கிலி சங்கிலியாக விளக்க வேண்டும். முன்கள வீரராகவே வாழ்ந்த ஒருவர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டுமே முழுமையாக அறிந்தவர்.

ஆண்டி கோல் விவகாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அது ஒருபக்கச் சாட்சியம். அதன் மேல் நான் அதிக பாரத்தை ஏற்றிவிட்டேன்.

—

நடுக்கோடு எழுதியது:

கொல்கத்தாவின் சூழலைப் பற்றி யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன். ஏனென்றால் அங்கே ஷெரிங்கம் தனியாகத் தோற்கவில்லை; ஒரு கழகத்தின் திட்டமே தோற்றது.

முதல் மூன்று பருவங்களில் அந்தக் கழகம் ஸ்பெயினின் அட்லெடிகோ மாட்ரிட்டோடு கூட்டு வைத்திருந்தது. 2014இல் அந்தோனியோ ஹபாஸ், 2016இல் ஹோசே மொலினா என இரண்டு ஸ்பானியப் பயிற்சியாளர்கள் இரண்டு கோப்பைகளை வென்று கொடுத்தார்கள். 2017இல் அந்தக் கூட்டு முறிந்தது. கோப்பை வென்ற பயிற்சியாளரும் இல்லை, அந்த ஆட்டமுறையும் இல்லை. அவற்றின் இடத்தில் ஷெரிங்கம் வந்தார். தொழில்நுட்ப இயக்குநராக ஆஷ்லி வெஸ்ட்வுட் வந்தார். பெயர்பெற்ற வீரராக அயர்லாந்தின் ராபி கீன் வந்தார். இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவுகளில் ஆடியவர்கள் பலர் வந்தார்கள். ஒரே கோடையில் அணியின் தாய்மொழியே மாறிவிட்டது என்று சொல்லலாம். போதாக்குறைக்கு, தாக்குதலின் நடுத்தூணாக இருக்க வேண்டிய ராபி கீன் காயத்தால் தொடக்க ஆட்டங்களில் ஆட முடியவில்லை.

கொச்சியில் கேரளாவோடு 0-0. அடுத்துச் சொந்த மைதானத்தில் புனேவிடம் 1-4. ஜம்ஷெட்பூரோடு மறுபடியும் 0-0. அதற்கடுத்ததுதான் கிழக்கு மாடம் வர்ணித்த சென்னை ஆட்டம். முதல் நான்கு ஆட்டங்களில் வெற்றியே இல்லை. ஜனவரியில் அவரை நீக்கிய பின் வெஸ்ட்வுட் பொறுப்பேற்றார். அதுவும் கைகொடுக்காமல் பருவத்தின் இறுதியில் ராபி கீனே வீரராகவும் பயிற்சியாளராகவும் இருக்க வேண்டியதாயிற்று. நடப்பு வாகையர் பத்து அணிகளில் ஒன்பதாம் இடத்தில் முடித்தார்கள். ஆள் மாறியும் முடிவு மாறவில்லை என்பதால், அந்தப் பத்து ஆட்டங்களின் பாரத்தை முழுவதும் அவர் தோளில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஸ்டீவனேஜுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது என்பதைக் கணக்குப்பிள்ளை காட்டிவிட்டார், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

—

கிழக்கு மாடம் எழுதியது:

அடுத்தடுத்து இங்கிலாந்து முன்கள வீரர்களை அழைத்துவந்து பார்ப்பதில் கொல்கத்தாவுக்கு ஏதோ ஆசை இருந்திருக்கிறது. 2020இல் ஈஸ்ட் பெங்கால் லிவர்பூலின் ராபி ஃபவுலரைக் கொண்டுவந்தது. அவர்களும் ஒன்பதாம் இடம். நடுவர்களைப் பற்றிப் பேசியதற்காக அவருக்கு நான்கு ஆட்டங்கள் தடை வேறு. ஆனால் அதே ஃபவுலர் அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ரோரை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தவர்; பின்னர் 2023இல் சவூதியின் அல்-காட்சியாவில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத நிலையில் நீக்கப்பட்டார். தோற்காதவரையும் நீக்குகிற தொழில் இது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இழை திசைமாறுவதாக நடுக்கோடு கருதினால் இதை நீக்கிவிடட்டும்.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருக்கட்டும்; ஆனால் ஷெரிங்கத்துக்கே திரும்புவோம். ஸ்டீவனேஜில் நடந்த ஒரு சிறு செய்தி பலருக்கு நினைவிருக்காது. 2015 நவம்பரில், வீரர்கள் பலர் காயத்தில் இருந்தபோது, மேலாளரான ஷெரிங்கம் தன்னையே வீரராகப் பதிவு செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 49. மாவட்ட அளவிலான ஹார்ட்ஃபர்ட்ஷயர் கோப்பை ஆட்டத்துக்காக என்று காரணம் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாகவே எழுதின.

நான் அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. பிரீமியர் லீகில் 37 வயதில் ஹாட்ரிக் அடித்தவர், 40 வயதும் 268 நாட்களும் ஆனபோது போர்ட்ஸ்மத்துக்கு எதிராகக் கோல் அடித்தவர், அணி தடுமாறும்போது முதலில் எண்ணிப் பார்ப்பது தன் காலணிகளைத்தான். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, தனக்குத் தெளிவாகத் தெரிகிற ஒரு இடைவெளியை உள்ளே ஓடுகிறவர் காணாமல் கடந்துபோவதைத் தொண்ணூறு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கிரெகரிக்கு அந்தத் தவிப்பு குறைவாகவே இருந்திருக்கும். தன்னால் ஆட முடியாததையும் பிறரை ஆடவைத்தே அவர் வாழ்ந்தவர்.

—

பழைய லண்டன்வாசி எழுதியது:

தவிப்பு என்ற சொல் எனக்கு ஒன்றை நினைவூட்டுகிறது. 1997 ஆகஸ்டு 10 அன்று, மான்செஸ்டர் யுனைடெட் வீரராக அவர் ஆடிய முதல் லீக் ஆட்டம், விதியின் குறும்போ என்னவோ, ஒயிட் ஹார்ட் லேனில்தான் நடந்தது. எரிக் கன்டோனா ஓய்வு பெற்ற இடத்தை நிரப்ப 35 லட்சம் பவுண்டுக்கு, 31 வயதில் போயிருந்தார். நாங்கள், அதாவது ஐந்து ஆண்டுகள் அவரைக் கொண்டாடிய அதே கூட்டம், ஒவ்வொரு முறை அவர் பந்தைத் தொட்டபோதும் கூச்சலிட்டோம். அவருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கம்பத்தில் அடித்தார். மைதானம் முழுவதும் எழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. திரும்பி, நிதானமாக, மறுபடியும் அந்தப் பத்து கெஜ நிலத்துக்கு நடந்து போனார்.

அந்தப் பருவம் யுனைடெட்டுக்குப் பெரிய கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. வாங்கியது தவறு என்று எல்லோரும் எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2001இல், 35 வயதில், வீரர்கள் சங்கமும் பத்திரிகையாளர்கள் சங்கமும் அவரையே ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தன. அவரைப் பற்றி முதல் பருவத்தில் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் தவறாகவே போயிருக்கின்றன. ஆடுகளத்தில் அவருக்கு இரண்டாவது பருவம் கிடைத்தது.

—

நடுக்கோடு எழுதியது:

ஆனால் பயிற்சியாளராக அவருக்கு அது எங்குமே கிடைக்கவில்லை. முதல் பதிவில் இதை ஒரு தகவலாக மட்டும் எழுதினேன்; இப்போது அதைக் காரணங்களில் ஒன்றாகவும் சேர்த்துக்கொள்கிறேன். சொல்லுக்கு முந்திய அறிவு என்று மூலைக்கொடி சொன்னதோடு இன்னும் முழுமையாக உடன்பட முடியவில்லை. 2001 அக்டோபரில் கிரீசுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி முதல் தொடுதலிலேயே தலையால் முட்டிக் கோல் அடித்தாரே, பெக்காமின் புகழ்பெற்ற ஃப்ரீ கிக்குக்கு வழிவகுத்த தவறைத் தடுப்பாட்டக்காரரிடமிருந்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தானே, அந்த ஆட்டத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் முழுவதுமாகப் பார்க்கப் போகிறேன். பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்து, அவர் எங்கெங்கே நடந்தார் என்று குறித்துக்கொண்டு வருகிறேன். இழையைப் பூட்ட வேண்டாம்.